கிளாசிக் 350ஆ, 100 சீசீயா? ஒட்டுசுட்டான் உள்றோட்டுக்கு எது?

வாய்க்கால்கரை:

வணக்கம் அண்ணைமார். மோட்டசைக்கிள் ஒண்டு எடுக்கப் போறன். மனசு ஒரு பக்கம் இழுக்குது, றோட்டு மற்றப் பக்கம் இழுக்குது.

ஓட்டம் இதுதான்: முத்தையன்கட்டுப் பக்கம் வாய்க்கால் றோட்டு, 6 கிலோமீற்றர் கிறவல். பிறகு ஒட்டுசுட்டானில ஏ34 ஏறி முல்லைத்தீவு ரவுண். போக வர நாளுக்கு 60 கிலோமீற்றர், மாசத்துக்கு 25 நாள். கிழமையில ஒருக்கா யூரியா மூடையோ நெல்லு மூடையோ பின்னால ஏறும். சில நாளில தங்கச்சியும் வருவா. மாரியில சேறு, கோடையில கண் தெரியாத புழுதி. ஊரில கராஜ் ஒண்டுதான், அதுவும் பின்னேரத்தில.

ஆசை றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. வீட்டில சொல்லுறது பஜாஜின்ர 100 சீசீ, சி.டி. 100 அல்லது பிளற்றினா. ஆசைக்கு எடுத்தா எவ்வளவு கஷ்டப்படுவன், 100 சீசீ எடுத்தா எதில குறைஞ்சு போவன்? "மனசுக்குப் பிடிச்சதை எடுங்கோ" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. சாமான், பராமரிப்பு, செலவு எண்டு விவரமாச் சொல்லுங்கோ.


ஒயில்கை:

தம்பி, ஏ34ஐ மறந்திட்டு அந்த 6 கிலோமீற்றரை வைச்சுப் பாருங்கோ. போக வர 12, மாசம் 300 கிலோமீற்றர் கிறவல். தாரில எந்தப் பைக்கும் ஓடும். பைக்கைத் தின்னுறது கிறவல்தான்.

முதல் பெற்றோல் கணக்கு. மாசம் 1500 கிலோமீற்றர். 100 சீசீ ஒழுங்கா ரியூன் பண்ணிக் கிடந்தா லீற்றருக்கு 60 குறையாது, அப்ப 25 லீற்றர். கிளாசிக் 30 தொடக்கம் 35 தரும், அப்ப 43 தொடக்கம் 50 லீற்றர். ஒவ்வொரு மாசமும் 18 தொடக்கம் 25 லீற்றர் வித்தியாசம். 2022இல பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு கியூஆர் பங்கீடு வந்த நேரம் மோட்டசைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் குடுத்தவை. உங்கட ஓட்டத்துக்கு அது 100 சீசீயில நாலு நாள், கிளாசிக்கில ரெண்டு நாள். அப்பிடி ஒரு காலம் திரும்ப வராது எண்டு எழுதித் தர ஆளில்லை.

அடுத்தது புழுதி. கிறவல் புழுதி எயார் ஃபில்ற்றரைத் தாண்டி உள்ள போனா ஒயிலோட கலந்து அரைக்கிற பசை மாதிரி வேலை செய்யும். சிலிண்டர் கீறும், றிங் தேயும், நீலப் புகை வரும், ஒயில் இறங்கும். பிறகு போர் அடிச்சு (சிலிண்டரைக் குடைஞ்சு) பெரிய சைஸ் பிஸ்ரன் போட வேண்டியதுதான். "எஞ்சின் சரியில்லை" எண்டு வாற பைக்குகளில கனக்க, எஞ்சினில பிழை இல்லை. ஃபில்ற்றரை ஒரு வருஷமாத் திறக்கேல்லை.

ஃபில்ற்றர் ஸ்பொஞ்சோ கடதாசியோ எண்டு முதல் கழட்டிப் பாருங்கோ. ஸ்பொஞ்ச் எண்டா மண்ணெண்ணையில ஊறவிட்டு அமத்திப் பிழியோணும். துணி முறுக்கிற மாதிரி முறுக்கினா கிழியும். பிறகு சோப்புத் தண்ணி, நிழலில காய்ச்சல், கடைசியா எஞ்சின் ஒயில் கொஞ்சம் விட்டு அமத்தி மிச்சத்தை எடுக்கிறது. அந்த ஒயில் இல்லாட்டி ஸ்பொஞ்ச் புழுதியைப் பிடிக்காது. கழுவினவை கனபேர் இதைத்தான் விடுறவை. காய்ஞ்ச கடதாசி எண்டா எஞ்சின் பக்கத்திலயிருந்து வெளிப்பக்கமா மெதுவாக் காத்து அடிக்கலாம். வெளியாலயிருந்து அடிச்சா தூசி உள்ளுக்குத்தான் இறங்கும். ஒயில் பூசின கடதாசி எண்டா கழுவவும் வேண்டாம், காத்தும் வேண்டாம், மாத்துறதுதான். கோடையில ரெண்டு கிழமைக்கு ஒருக்காத் திறந்து பாருங்கோ. பைக்கோட வாற பராமரிப்புப் புத்தகத்தில கிடக்கிற கிலோமீற்றர் கணக்கு தார் றோட்டுக்கு எழுதினது.

செயின். சி.டி. 100, பிளற்றினா மாதிரியானதுகளின்ர பெரிய நன்மை அந்த மூடின செயின் கவர்தான். அழகில்லை எண்டு கழட்டி வீசுற ஆக்களைக் கண்டா எனக்குக் கோவம் வரும். திறந்த செயின் எண்டா கிறவலில அரைவாசிக் காலம்தான். ஒட்டுற ஸ்ப்ரே அடிச்சுப் போட்டு புழுதியில ஓடாதேங்கோ, தூசியைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். 90 கியர் ஒயில் துணியில நனைச்சுப் பூசி, கால் மணித்தியாலம் விட்டு, வெளியால நிக்கிறதைத் துடைச்சு விடுங்கோ. உள் உருளைக்குப் போனதுதான் வேலை செய்யும்.

செயின் தளர்வு கீழ்ப்பக்க நடுவில மேலயும் கீழயும் 25 தொடக்கம் 30 மில்லிமீற்றர். சில்லைச் சுத்தி எங்க ஆக இறுக்கமோ அங்க அளவுங்கோ. மூடை ஏத்தினா பின் சில்லைப் பிடிக்கிற ஆம் மேல போய் செயின் இன்னும் இறுகும். வெறும் பைக்கில விறைப்பா வைச்சிட்டு 50 கிலோ ஏத்தினா முன் பல்லுச் சில்லின்ர பெயரிங் போகும். செயினை இழுத்தாப் பின் சில்லும் பின்னுக்குப் போகும், அதோட பின் பிறேக் கம்பியின்ர அளவும் மாறும். இழுத்து முடிய பிறேக்கையும் திரும்ப அளவு பாருங்கோ.

ஒயில் இந்தப் புழுதிக்கு 2000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தினா நல்லம். 100 சீசீக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். போத்தலில ஜாசோ எம்.ஏ. எண்டு கிடக்கோணும், அது மோட்டசைக்கிள் ஒயிலின்ர தரக் குறி. மலிவெண்டு கார் ஒயில் விட்டா கிளச் வழுக்கும், ஏனெண்டா மோட்டசைக்கிளில கிளச்சும் அதே ஒயிலுக்குள்ளதான் நிக்குது.

முடிவாச் சொன்னா உங்கட ஓட்டத்துக்கு 100. பிளற்றினாவோ சி.டி.யோ எதுவும் பரவாயில்லை. ஆனா ஸ்போக் சில்லும் கிக்கும் கிடக்கிறதாப் பாருங்கோ.


புழுதிப்படலம்:

ஒயில்கை அண்ணை சொன்ன பராமரிப்பு எல்லாம் சரி. ஆனால் கிளாசிக்கைக் கிறவலுக்கு ஆகாத வண்டி என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. 2021இல் வந்த புதிய கிளாசிக் 350 பற்றித்தான் சொல்கிறேன். அதற்கு முந்தியதற்கு இது பொருந்தாது.

முன் சில்லு 19 அங்குலம், பின் சில்லு 18. 100 சீசீயில் இரண்டும் 17. சில்லு பெரிதாக இருந்தால் குழிக்குள் இறங்குவது குறையும், விளிம்பில் ஏறும்போது அடியும் குறையும். 349 சீசீ எஞ்சின் 27 நியூட்டன்மீற்றர் முறுக்கு விசையைத் தாழ்ந்த சுற்றிலேயே தருகிறது. அதனால் மூன்றாம் கியரிலேயே கிறவலில் அமைதியாகப் போகலாம், மூடையோடும் கிளச்சைக் கருக்கத் தேவையில்லை. 100 சீசீயில் தங்கச்சியோடு எதிர்காற்றில் ஏ34இல் போனால் முழு அக்சிலேற்றர்தான், அதுவும் எஞ்சினுக்குத் தேய்வுதான்.

அதன் பிரச்சினை வேறு இடத்தில். 195 கிலோ. சேற்றில் ஒருக்கால் சரிந்தால் தனி ஆளாக நிமிர்த்துவது சிரமம். 100 சீசீயை ஒரு கையால் இழுத்து எடுத்துவிடலாம். ஸ்போக் சில்லு வகையில் ரியூப்தான், பின் சில்லைக் கழற்றுவது றோட்டோரத்தில் ஒருவர் செய்யும் வேலையல்ல. நிலத்திலிருந்து உயரம் 170 மில்லிமீற்றர், அது உங்கள் வாய்க்கால் றோட்டுக்குப் போதும். ஆனால் அந்த எடையோடு கல்லில் இறங்கினால் அடிப்பக்கம் தட்டும் சத்தம் நெஞ்சில்தான் கேட்கும்.

அது எஃப்.ஐ. வண்டி, அதாவது காபுரேற்றருக்குப் பதிலாக ஊசியால் பெற்றோலைத் தெளிப்பது. போத்தலில் விற்கிற பெற்றோலை விட்டு ஓடினால் ஊசி அடைக்கும். ஊர்க் கராஜில் காபுரேற்றரைக் கழற்றிக் கழுவுவதுபோல அதைத் திறக்க முடியாது. கோளாறு விளக்கு எரிந்தால் ஸ்கானர் உள்ள ரவுணுக்குத்தான் போகவேண்டும். கிக் இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். பற்றி இறங்கினால் தள்ளி ஸ்ரார்ட் பண்ண வேண்டும், எஃப்.ஐ.யில் பம்புக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் பற்றி முற்றாகச் செத்திருந்தால் தள்ளியும் பயனில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு எடுத்தால் தப்பில்லை. தெரியாமல் எடுத்தவர்கள்தான் மழை வர முன் விற்கிறார்கள்.


வாய்க்கால்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. சரியா எனக்குத் தேவையான மாதிரிச் சொல்லிப் போட்டியள். இன்னும் ரெண்டு பேர் வேற யோசினை சொன்னவை: ஒருத்தர் பழைய ஹொண்டா ஹோர்னெற் 250 ஒண்டு விலைக்கு நிக்குதாம் எண்டு. மற்றவர் யமஹா எஃப்.இசட். எடு, நடுத்தரம் எண்டு. ட்ரெயில் பைக் எப்பிடி? கிறவலுக்கு அதுதான் செய்தது எண்டு கேள்வி.


பஞ்சிகாவத்தை_பஸ்:

ஹோர்னெற் 250 எண்டா கனவுதான், அதை மறுக்கேலாது. 250 சீசீக்குள்ள நாலு சிலிண்டர், 16,000 சுத்து வரை ஊளையிடும். ஆனா உங்கட றோட்டில அந்தச் சத்தத்தை எங்க கேக்கப் போறியள்? ஊருக்கு வெளியில சட்டம் விடுற வேகம் 70. அந்த எஞ்சின் 70இல நித்திரை கொள்ளும்.

நாலு சிலிண்டர் எண்டா நாலு காபுரேற்றர், நாலு பிளக். ரெண்டு மூண்டு கிழமை ஓடாமல் விட்டா பைலற் ஜெற் அடைக்கும், பிறகு ஐடிலிங் நிக்காது. நாலையும் கழட்டிக் கழுவி, வக்கியூம் கேஜ் வைச்சு ஒரே அளவுக்கு கொண்டு வரோணும். அந்த கேஜ் இல்லாமல் "காதால கேட்டுச் சரியாக்கிறன்" எண்டு சொல்லுற மெக்கானிக்கிட்ட குடுக்காதேங்கோ. பின் ரயர் 180/55-17, முன் ரயர் 130/70-16. 16 அங்குல முன் ரயரை முல்லைத்தீவிலயோ கிளிநொச்சியிலயோ கேட்டுப் பாருங்கோ, சிரிப்பினம். கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளுக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். அந்த வயசு ஹொண்டாக்களில றெக்ரிஃபையரும் போற சாமான். போனா பற்றி கொதிக்கும் அல்லது சார்ஜ் ஏறாது. எஞ்சினை 5000 சுத்தில வைச்சு பற்றி முனையில வோல்ற் மீற்றர் பிடிச்சா 14 பக்கம் நிக்கோணும். 15ஐத் தாண்டினா றெக்ரிஃபையர் முடிஞ்சுது, 13க்குக் கீழ எண்டா சார்ஜே இல்லை. இதை வாங்க முதல் பாருங்கோ. பெற்றோல் விஷயத்தில ஒரு நிம்மதி, 92 ஒக்ரேன் காணும். லீற்றருக்கு 20, 22 தந்தா நல்ல நிலையில நிக்குது எண்டு அர்த்தம்.

எஃப்.இசட். தாருக்கு நல்ல பைக். பின் ரயர் 140 அகலம், அகல ரயர் இறுகின கிறவலில மிதக்கும், தளர்ந்த கிறவலில திசை மாறும். சேற்றில முன் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில மண் கட்டி அடைச்சு, சில்லே சுத்தாமல் நிக்கிறதைக் காணலாம். மன்னார்ப் பக்கம் முருங்கன் களியில போறவைக்கு இது தெரியும். அங்க ஒரு கிலோமீற்றருக்கு ஒருக்கா குச்சியால கிளறிக் கிளறித்தான் போகோணும். உங்கட செம்மண் அவ்வளவு மோசமில்லை, எண்டாலும் மாரியில எரிச்சல் தரும்.

ட்ரெயில்: யமஹா சேறோ 225, சுசுகி ஜெபல் 200 மாதிரி. முன் சில்லு 21, பின் 18, இருக்கை 81 சென்ரிமீற்றர் பக்கம், உயர்ந்த மட்காட், எடை கிளாசிக்கில அரைவாசிக்குக் கொஞ்சம் கூட. ஜெபலுக்கு 13 லீற்றர் ராங்கும் பெரிய ஹெட்லைற்றும் கிடக்கு. கிறவலுக்கு இதை விட நல்லது கிடையாது, இதில வாதமே இல்லை. ஆனா மூடை ஏத்த அதுக்கு இடுப்பில்லை. கரியர் போட்டாலும் ஃபிரேமின்ர வால் வளையும், உயரத்தில 50 கிலோ வைச்சா முன் சில்லு இலேசாகி ஹாண்டில் ஆடும். தங்கச்சி ஏறி இறங்கவும் கஷ்டம். சாமான் வருத்தம் ஹோர்னெற்றளவு இல்லை, ஒத்தைச் சிலிண்டர்தான். எண்டாலும் எல்லாம் பழைய பைக்.

இன்னொண்டு. ட்ரெயில் பைக் விலைக்கு வந்தா பதிவுப் புத்தகத்தைப் பார்த்திட்டுத்தான் பைக்கைப் பாருங்கோ. சேசிஸ் நம்பரில கடதாசி வைச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்து, புத்தகத்தோட ஒவ்வொரு எழுத்தாப் பாருங்கோ. எஞ்சின் நம்பரும் அப்பிடி. எஞ்சின் மாத்தி ஓடுற ட்ரெயில் கனக்க. லீசிங் கொம்பனியின்ர பேர் புத்தகத்தில கிடந்தா அவையின்ர விடுவிப்புக் கடிதம் இல்லாமல் காசு குடுக்கக் கூடாது. உரிமை மாத்துற எம்.ரி.ஏ. 6 படிவத்தில விக்கிறவரின்ர கையெழுத்து, ஐடியின்ர பிரதி எல்லாம் அண்டைக்கே எடுங்கோ. "ஓப்பின் பேப்பர், நாலு கை மாறினது" எண்டா மலிவா இருந்தாலும் விடுங்கோ. பேர் மாத்தப் போகேக்க முதல் உரிமையாளரைத் தேடி எந்த நாட்டுக்குப் போறது?

லைசென்சும் பாருங்கோ. ஏ1 மட்டும் கிடந்தா 100 சீசீக்கு மேல ஓட ஏலாது, ஏ வேணும். புத்தகத்தில எழுதின சீசீதான் கணக்கு, ராங்கில ஒட்டின 100 இல்லை. சில "100"கள் புத்தகத்தில 102 எண்டு நிக்கும்.


ரயர்க்கடை:

எல்லாரும் எஞ்சினைப் பற்றிச் சொல்லுறியள், உந்த றோட்டில ஆளை நடக்க வைக்கிறது ரயர்.

விடத்தல் முள்ளும் உடை முள்ளும் கிடக்கிற பாதையில ரியூப் எண்டா முள் ஏறின உடனே காத்து இறங்கும். ரியூப்லெஸ் எண்டா முள் உள்ளுக்க நிண்டபடியே கொஞ்சத் தூரம் ஓடலாம், திரி குத்தி பத்து நிமிஷத்தில வெளிக்கிடலாம். ஆனா ரியூப்லெஸ் எண்டா அலோய் றிம். கிறவல் குழியில வேகமா இறக்கினா றிம் விளிம்பு நெளியும், அந்த நெளிவால காத்துப் போகும். தட்டி எடுக்கலாம் எண்டு தட்டினா வெடிக்கும். ஸ்போக் றிம் நெளிஞ்சா ஸ்போக்கை இறுக்கி இளக்கி எடுக்கலாம், றிம்மே போனாலும் புது றிம் கட்டலாம். ஆகவே உங்களுக்கு ஸ்போக்கும் ரியூப்பும், ஒட்டுப் போடுற சாமானும். ஒரு ஸ்பானரால ஸ்போக்குகளைச் சுத்திவரத் தட்டுங்கோ. "டிங்" எண்டு கேக்கிறது இறுக்கம், "டக்" எண்டு கேக்கிறது தளர்வு. ஒண்டு தளர்ந்தா பக்கத்தில நிக்கிறதுகள் சுமை எடுத்து ஒவ்வொண்டா உடையும்.

காத்து: சி.டி. 100க்கு முன் 25 பி.எஸ்.ஐ., பின் தனிய 28, ஆளோடயோ மூடையோடயோ 32. கிறவலில மெத்தெண்டு இருக்கட்டும் எண்டு 18, 20க்கு இறக்குறவை இருக்கினம். ரியூப் ரயரில அப்பிடி இறக்கினா பிறேக் பிடிக்கேக்க ரயர் றிம்மில சறுக்கி, வால்வ் காம்பு அடியோட கிழியும். அந்த ரியூப்பை ஒட்டேலாது. இறக்கிறதெண்டா மேல சொன்ன அளவிலயிருந்து 3 பி.எஸ்.ஐ. மட்டும் குறையுங்கோ, அதுக்கு மேல வேண்டாம்.

சீற்றுக்குக் கீழ எப்பவும் கிடக்கோணும்: 2.75/3.00-17 எண்டு எழுதின ரியூப் ஒண்டு (முன் பின் ரெண்டுக்கும் ஒரே ரியூப் பிடிக்கும், ரெண்டு சுமக்கத் தேவையில்லை), ரயர் லீவர் ரெண்டு, சில்லு அச்சு நட்டுக்குச் சரியான றிங் சாவி, சின்னப் பம்ப், பிளக்கும் பிளக் சாவியும், செயினைப் பொருத்துற லொக் ஒண்டு. கிளச் கேபிளை மட்டும் பெட்டியில வைக்காதேங்கோ. ஓடுற கேபிளோட சேர்த்து புதுக் கேபிளையும் இழுத்து ரெண்டு முனையையும் சுத்திக் கட்டி விடுங்கோ. அறுந்தா முனையை மாத்திக் கொழுவுறதுதான், ராங் கழட்டத் தேவையில்லை.

பஞ்சர் ஒட்டினாப் பிறகு ரயரின்ர உள்பக்கத்தைக் கையால தடவாதேங்கோ, முள் நுனி கிடந்தா விரலில ஏறும். பழைய துணியைச் சுருட்டி சுத்திவர இழுங்கோ. துணி மாட்டுற இடத்தில முள் நிக்கும். இதைச் செய்யாததால ஒரே ஓட்டை ரெண்டாந் தரமும் விழும், பிறகு கடைக்காரனுக்குப் பேச்சு.


சிவப்பு_ஸ்கூட்டி:

தங்கச்சிக்கும் ஆகும் எண்டு யாரும் ஸ்கூட்டர் சொல்ல முதல் சொல்லிப்போடுறன்: வேண்டாம். டியோ மாதிரியானதின்ர பின் சில்லு 10 அங்குலம், வாய்க்கால் றோட்டுக் குழியில முழுசா இறங்கும். பெல்ற் பெட்டிக்குப் போற காத்துக்கும் தனி ஃபில்ற்றர் கிடக்கு, அதைத் துப்புரவாக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. புழுதி போய் பெல்ற் மினுங்கி வழுக்கும். தண்ணிக்குள்ள விட்டா பெல்ற் நனைஞ்சு, எஞ்சின் கத்தும், சில்லு சுத்தாது. ரவுணுக்குள்ள மட்டும் எண்டா நல்ல வாகனம்.

பின்னேரம் இருட்டினாப் பிறகு வாறனியள் எண்டா லைற்றையும் யோசியுங்கோ. பழைய 100களில ஹெட்லைற் எஞ்சின் சுத்தோட கூடிக் குறையும். கிறவலில மெதுவாப் போகேக்கதான் ஆக மங்கல். தார் சூட்டுக்கு மாடு றோட்டில படுத்திருக்கும், கறுப்பெருமை எண்டா கிட்டப் போனாத்தான் தெரியும். பற்றியிலயிருந்து றிலே வைச்சு லைற்றுக்கு வயர் இழுக்கலாம். ஆனா 100 சீசீயின்ர சார்ஜ் குறைவு, எல்.இ.டி. பல்ப் போட்டா மட்டும் தாங்கும். 60 வாற் ஹலஜன் போட்டா ஒரு மாசத்தில பற்றி போகும். யானை நிண்டா எந்தச் சீசீயும் காணாது, அது வேற கதை.


ஒயில்கை:

மாரிக்கு ஒண்டு விட்டுட்டன். குளம் திறந்தா பாலத்துக்கு மேலால தண்ணி பாயும். ஓடுற தண்ணி முழங்காலுக்கு வந்தா பைக்கும் வேண்டாம், வீரமும் வேண்டாம், நிக்கிறதுதான். நிக்கிற தண்ணி சில்லின்ர அச்சு வரை எண்டா முதலாம் கியரில அக்சிலேற்றரை விடாமல் ஒரே சீராப் போங்கோ. நடுவில கியர் மாத்தினா சைலன்சருக்குள்ள தண்ணி ஏறும்.

நடுவில நிண்டிட்டுது எண்டா திரும்ப ஸ்ரார்ட் அடிக்காதேங்கோ. சிலிண்டருக்குள்ள தண்ணி கிடந்தா அது அமுங்காது, கொனெக்ரிங் றொட் வளையும். தள்ளிக் கரைக்குக் கொண்டு வந்து பிளக்கைக் கழட்டி, சுவிச்சை நிப்பாட்டிப் போட்டு பத்துப் பதினைஞ்சு தரம் கிக் அடியுங்கோ. தண்ணி பிளக் ஓட்டையால பாயும், முகத்தை விலத்துங்கோ. காபுரேற்றருக்குக் கீழ கிடக்கிற வடி ஆணியைத் திறந்து விடுங்கோ, எயார் ஃபில்ற்றர் பெட்டியின்ர கீழ்க் குழாயையும். ஒயில் கம்பியைத் தூக்கிப் பாருங்கோ. பால்த் தேத்தண்ணி நிறம் எண்டா ஒயில் மாத்தோணும். ஒருக்கா மாத்தி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு திரும்ப மாத்தினாத்தான் முழுத் தண்ணியும் போகும். எஃப்.ஐ.யில இவ்வளவும் றோட்டோரத்தில செய்யேலாது. அதுதான் நான் காபுரேற்றரில நிக்கிறன். மண்ணெண்ணையில ஓடின காலத்தைப் பார்த்த ஊர் இது, காபுரேற்றர் எண்டா பெடியனும் கழட்டுவான்.

கடந்த உடனே பிறேக் பிடிக்காது. நூறு மீற்றருக்கு பின் பிறேக்கை மெதுவா அமத்தினபடி ஓடுங்கோ, சூட்டில காயும்.

கிறவல் அதிர்வுக்கு ஒவ்வொரு மாசமும் சைலன்சர் நட்டு, கரியர் போல்ற், நம்பர் பிளேற், பற்றி முனை நாலையும் பாருங்கோ. ஹாண்டில் திரும்புற இடத்துப் பெயரிங்கான கோன் செற்றையும். நடு ஸ்ராண்டில விட்டு முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாத் திருப்புங்கோ. நேர் நடுவில ஒரு பள்ளத்தில விழுந்த மாதிரி நிண்டா கோன் செற் குண்டுகள் குழி போட்டிட்டுது. அதை இறுக்கித் திருத்தேலாது, செற் மாத்துறதுதான்.


வாய்க்கால்கரை:

சரி, 100க்குத்தான் போறன். ஸ்போக், கிக், செயின் கவர், காபுரேற்றர். கிளாசிக் பிறகு பாப்பம், புழுதிப்படலம் அண்ணை கோவிக்கக் கூடாது.

கடைசியா ஒண்டு. மூடை ஏத்துறதுக்காகப் பின் சொக் அப்சோபரை மாத்தி விறைப்பான ஸ்பிரிங் போடட்டோ?


புழுதிப்படலம்:

கோபமில்லை தம்பி, கிளாசிக் எங்கும் ஓடிப்போகாது.

ஸ்பிரிங் மாற்ற வேண்டாம். கிழமையில் ஒரு நாள் மூடைக்காக மற்ற ஆறு நாளும் முதுகு அடிவாங்கும். சொக் அப்சோபரின் அடியில் படிப்படியான வெட்டு இருந்தால், மூடை ஏற்றும் நாளில் இரண்டு படி ஏற்றி விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும். மூடை இறக்கியதும் பழைய இடத்துக்கு. மூடையைக் கரியரில் பின்னுக்கு வைக்காதீர்கள், சீற்றின் மேலேயே உங்கள் முதுகோடு ஒட்டவையுங்கள். 50 கிலோ பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன் சில்லு மண்ணைப் பிடிக்காது, கிறவல் வளைவில் ஹாண்டில் திருப்பினாலும் வண்டி நேரே போகும்.


ரயர்க்கடை:

பழைய ரியூப்பை வெட்டின றப்பர் கயிறால குறுக்கும் நெடுக்குமாக் கட்டுங்கோ, நைலோன் கயிறு ஆட்டத்தில தளரும். கயிறு வால் ஸ்போக்குக்குள்ள போகாமல் முடிச்சுக்கு உள்ளால சொருகி விடுங்கோ. மூடையின்ர கீழ் மூலை சைலன்சரில முட்டாமல் பாருங்கோ, யூரியாப் பை உருகி ஓட்டை விழும். கொட்டின யூரியா செயினிலயோ ஸ்போக்கிலயோ பட்டா அண்டைக்கே தண்ணியால கழுவுங்கோ. அது காத்தில கிடக்கிற ஈரத்தை இழுத்து வைச்சுக்கொள்ளும், ரெண்டு நாளில துரு தெரியும்.